முருங்கையில் மயிர்க்கொட்டி

“ஒண்டையும் மிச்சம் விடாதேங்கோ வீரையா. எல்லாத்தையும் கொளுத்துங்கோ.”

குசினி வாசலில் நின்றபடியே அன்னபாக்கியம் சொன்னாள். மயிர்க்கொட்டிப் புழுவைக் கண்டாலே உடம்பெல்லாம் கூசுமாம். அதனால் மரத்தடிப் பக்கம் அவள் வருவதே இல்லை.

கிணற்றடி முருங்கையின் தண்டில் அவை சடைசடையாக ஒட்டிக் கிடந்தன. வீரையா தென்னோலைச் சூள்பந்தத்தைப் பற்றவைத்து, பட்டை கருகாமல் மேலோட்டமாக நெருப்புக் காட்டினார். பொலுபொலுவென்று விழுந்தவற்றைக் கூட்டி அள்ளிப் புதைத்தார்.

எழுபத்தேழாம் ஆண்டு இனக்கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிவந்தவர் அவர். மனைவி சிவலட்சுமி செத்துப்போன பிறகு, ஒழுங்கை முடிவில் இருக்கிற குடிசையில் தானே பொங்கித் தானே தின்கிறார்.

அன்னபாக்கியத்துக்கும் புருஷன் இல்லை. ஒரே மகன் ஜேர்மனிக்குப் போய்விட்டான். பக்கத்து வளவுக்காரரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போய்விட, அங்கே நின்ற முருங்கைகள் புழுப் பிடித்து மொட்டையாகிவிட்டன. பேச்சுத் துணைக்கு வீட்டில் ஒரு ரேடியோ இருந்தது. அதிலும் பாதி இரைச்சல்தான்.

தனித்திருக்கும் பெண்ணின் வீட்டில் ஓர் ஆண் வேலைவெட்டி இல்லாமல் வந்து குந்தினால் ஊர் சும்மா விடுமா? வேலைக்கென்று வந்தால் யாரும் வாய் திறக்க முடியாது. வேலை முடிய ஒரு தேத்தண்ணி, ஒரு துண்டுப் பனங்கட்டி, கொஞ்ச நேரம் கதை. அவர் படலையைச் சாத்திக்கொண்டு போனதும் அன்னபாக்கியத்துக்கு வீடு பயங்கரமாக வெறிச்சோடிப்போகும்.

அன்றைக்கென்று பார்த்துப் புளியங்குளத்திலிருந்து தம்பி சிவராசா சைக்கிளில் வந்து இறங்கினான்.

“திரும்பவும் பிடிச்சிட்டுதோ அக்கா? போன கிழமைதானே கொளுத்தினது?” மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். “அடியிலை மண்ணெண்ணெய்ச் சாக்குக் கட்டியிருக்கு. அதைத் தாண்டி எப்பிடி மேலை ஏறினது?”

“எண்ணெ காஞ்சு போயிருக்குங்க” என்றார் வீரையா.

சாக்கின் மணம் இன்னும் மூக்கில் அடித்துக்கொண்டுதான் இருந்தது.

“மரத்தைத் தறிச்சு விட்டால் ஒரேயடியாத் தொல்லை விடும். கோடாலி எங்கை?”

அன்னபாக்கியம் வாசலில் நின்றே கத்தினாள். “அது என்ரை பெடியன் நட்ட மரமடா. தறிக்க விடமாட்டன்.”

நட்டது அவளேதான். சிவராசாவுக்கு அது தெரியாது.

“வேணாங்கய்யா, நல்லாக் காய்க்கிற மரம்” என்று வீரையாவும் குறுக்கே வந்தார். “நான் வந்து பாத்துக்கிறேன்.”

“என்னவெண்டாலும் செய்யுங்கோ” என்றுவிட்டுச் சிவராசா சைக்கிளை எடுத்தான்.

அன்னபாக்கியம் தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினாள். அவளுடைய மணிக்கட்டுவரை தோல் சிவந்து தடித்திருந்தது.

“கையில என்னங்கம்மா?”

“பூசணி இலை சுணைச்சுப்போட்டுது.”

வீரையா வளவை ஒருமுறை பார்த்தார். பூசணிக் கொடி எதுவும் இல்லை. அவர் பனங்கட்டியைக் கடித்துக் கடித்து ஆறுதலாகத் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். மிச்சப் பந்தத்தை எடுத்துக்கொண்டு நடந்தவர், படலையடியில் நின்று திரும்பினார்.

“அடுத்த தடவ பூச்சிய நானே கொண்டாந்து மரத்துல விடுறேன். நீங்க கையால தொடாதீங்கம்மா.”