அருணாதேவியின் கையெழுத்து

ரத்தத்தைப் பார்த்ததும் அருணாதேவி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

கடன் பத்திரத்தில் அவள் புருஷன் கலையரசன் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. பக்கத்தில் அவளும் போட வேண்டும். அதற்குள் பைனான்ஸ் ஆபீஸ் வாசலில் அலறல்.

வெளியே ஒரு வெள்ளைக் கார். தவணைக்கு டைம் கேட்டு வந்தவனை, டிரைவர் சீட்டிலிருந்து மூன்று பேர் சட்டையோடு பிய்த்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் ஸ்டியரிங்கை விடவில்லை. விரல்கள்மேல் இரும்புக் கம்பி இறங்கியது.

“எறங்குடா! மூணு மாசமா டிமிக்கி குடுத்துட்டு, கிரிவலத்துக்கு சவாரி ஓட்டினு இருக்கியா?”

“அண்ணே, பௌர்ணமி வருதுண்ணே! இந்த ஒரு பௌர்ணமி ஓட்டிக்கறேன், மொத்தமா கட்டிடறேன்!”

“போன பௌர்ணமிக்கும் இதான சொன்ன? இந்தா, இப்பவே காட்டறேன் பாரு பௌர்ணமி!”

ஒரே குத்து. உதடு கிழிந்து, ரத்தம் சட்டையெல்லாம் கொட்டியது. எதிர் டீக்கடையில் நின்றவர்கள் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். ஒருத்தரும் கிட்டே வரவில்லை.

கலையரசன் ஊரான் வண்டியைக் கூலிக்கு ஓட்டி அலுத்துப்போனவன். சொந்தமாக ஒரு கார் வாங்கியே தீருவது என்று ஒரு மாதமாக வீட்டில் சண்டை. “புது வண்டிக்கு இம்மாம் கடனா? தவணை கட்டியே சாவணும்” என்று ஒற்றைக்காலில் நின்றவளை, இன்றைக்குத்தான் சமாதானம் செய்து கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் ஏற்றிக் கூட்டி வந்திருந்தான்.

“அந்த வண்டிய என்னா சார் பண்ணுவீங்க?” என்று மேனேஜரைக் கேட்டான்.

“வேற என்ன, பாதி வெலைக்குத் தள்ளிட்டு கணக்க முடிச்சிடுவோம். நீங்க ஏன் பயப்படறீங்க? ஒழுங்கா கட்டறவங்கள நாங்க தொடவே மாட்டோம். சைன் பண்ணுங்கம்மா.”

வெளியே கம்பி மறுபடி உயர்ந்தது. அருணாதேவி எழுந்து ஓடினாள்.

“அண்ணே, வேணாண்ணே! கண்ணாடிமேல பட்டுடப் போவுது! அந்தாண்ட இட்டுனு போங்க!”

கம்பிக்காரன் முறைத்தான். “இவன் உனக்கு மாமனா, மச்சானா? உள்ள போம்மா!” ஆனாலும் கம்பியைத் தாழ்த்தினான்.

அடிபட்டவனைத் தரதரவென்று இழுத்து ரோட்டோரம் போட்டார்கள். விலாவில் இரண்டு உதை விழுந்தது. டேஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையாரைப் பெயர்த்து அவன்மேல் எறிந்துவிட்டு, சாவியைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

கலையரசன் பத்திரத்தை நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டு வெளியே வந்தான்.

“வேணாம் தேவி. நீ சொன்னதுதான் சரி. கடனும் வேணாம், காரும் வேணாம். வா, வூட்டுக்குப் போலாம்.”

அவள் காதில் வாங்கவில்லை. பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு அடிபட்டவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். தலையைத் தாங்கிப் பிடித்துக் குடிக்க வைத்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துவிட்டாள்.

அவன் உடைந்த விரல்களைச் சேர்த்துக் கும்பிட்டான். “நீ நல்லா இருக்கணும் தங்கச்சி.”

அருணாதேவி அவன் காதருகே குனிந்து, மெதுவாகக் கேட்டாள்:

“மைலேஜ் எவ்ளோண்ணே குடுக்குது?”