இடது கூண்டு

லெய்டன் நகர ஆய்வகத்தில் மரைக்கே துள்ளாத குறைதான்.

“யோரிஸ், இங்க வா. வைரஸ் கொடுத்த எலிங்கள்ல வலது கூண்டு சுருண்டு கிடக்கு. இடது கூண்டு ஓடியாடுது. நம்ம மருந்து வேலை செய்யுது.”

ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்த அவளுடைய உதவியாளன் யோரிஸ் அன்றுதான் திரும்பியிருந்தான்.

“அப்ப எல்லாருக்கும் கேக் உங்க செலவு.”

“வாங்கியாச்சு. இடது கூண்டுக்கு மருந்தை என்னிக்குப் போட்டே?”

“நானா? நான்தான் படுத்துட்டேனே. நீங்க போடலையா?”

குளிர்பெட்டியைத் திறந்தார்கள். மருந்துக் குப்பி பிரிக்கப்படாமல் இருந்தது. மரைக்கேயின் முகம் தொங்கிவிட்டது.

“அப்ப ரெண்டு கூண்டுக்கும் என்னதான் வித்தியாசம்?”

“ஒண்ணுமில்ல. சேர்த்து விட்டா குட்டி போட்டுடும்னு பெண் எலிங்களை இடதுலயும் ஆணுங்களை வலதுலயும் பிரிச்சு வச்சேன். அவ்வளவுதான்.”

சொல்லி முடித்ததும் அவனே வாயைப் பிளந்தான்.

“யோரிஸ், இது மருந்தைவிடப் பெரிய விஷயம்டா” என்று அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள் மரைக்கே.

கேக்கின் முதல் துண்டை அவனுக்கே கொடுத்தாள்.

“எனக்கு எதுக்கு?”

“உன் காய்ச்சல்தான் எனக்கும் ஒட்டிச்சு. நான் மறுநாளே வேலைக்கு வந்துட்டேன். வந்ததும் வராததுமா, உன்னைச் சோம்பேறின்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.”