பலாச்சுளை

யாரும் தொடாத நேரத்திலும் போன் சுட்டுக்கொண்டே இருந்தது. செல்போன் கடைக்காரர் அதை மேசைமேல் வைத்து, திரையின் மூலையில் எரிந்த பச்சைப் புள்ளியை மைதிலிக்குக் காட்டினார். "மைக் ஓடுதுக்கா. உள்ள எதையோ போட்டு யாரோ கேக்கறாங்க. வீட்ல தனியா இருக்கறப்போ பொய்யா ஏதாவது சொல்லிப் பாருங்க. யாருன்னு தெரிஞ்சிடும்."

வீட்டில் யாரும் இல்லை. அடுப்புமேடையில் போனை வைத்துவிட்டு, தனக்குத்தானே பேசிக்கொள்வதுபோலச் சொன்னாள்: "என்னமோ தெரியல, பலாப்பழம் சாப்பிடணும் போலவே இருக்கு."

அந்த வாசனை பட்டாலே அவளுக்குக் குமட்டும். கல்யாணமாகிப் பதினோரு வருடங்களில் ஒரு சுளைகூட அந்த வீட்டுக்குள் வந்ததில்லை. தற்செயலாக வீட்டுக்கு வந்துவிட வாய்ப்பே இல்லாதது என்பதால்தான் அதைச் சொன்னாள்.

சாயங்காலம் கணவன் சபேசனுக்கு முன்பாகவே வாசனை மாடிப்படி ஏறி வந்தது.

அவன் கைகால் கழுவிவிட்டு வந்து, கொட்டை நீக்கிய சுளைகளைத் தட்டில் அடுக்கினான். சிரித்த முகத்தோடு ஒன்றை அவள் வாயருகே நீட்டினான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மென்று விழுங்கினாள்.

"நல்லாருக்கா?"

"ம்."

அடுத்த சுளையை எடுத்தான். "பொய்யா ஏதாவது சொல்லிப் பாருங்கன்னுதானே கடைக்காரர் சொன்னாரு," என்றான் மெதுவாக. "அதுக்குன்னு பிடிக்காததையா சொல்லுவே? எங்க, ஆ காட்டு."