துப்பாக்கி இருக்கும் வீடு

"ஒரு கரப்பான்பூச்சியை அடிக்கவே பொண்டாட்டியைக் கூப்பிடறவன் நீ. உனக்கு எதுக்குப்பா ரைஃபிள்?"

ஜெயபிரகாஷ் சிரித்த சிரிப்பில், வாயிலிருந்த முறுக்குத்தூள் மதனின் லேப்டாப் மேல் தெறித்தது.

அமெரிக்காவில், இந்தக் காப்பெல் ஊரில், மூன்று வீடு தள்ளி இருப்பவர். தமிழ்ச் சங்கத்தில் பெரிய மனிதர். மகள் ஷ்ரேயாவைக் கூட்டிப்போக வந்தவர், முறுக்குத் தட்டைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார்.

மதன் திரையைத் துடைத்தான்.

"கரப்பானைச் சுடறதுக்கு இல்லைங்ணா. ஷூட்டிங் ரேஞ்சுல குறி அட்டையைச் சுடறதுக்கு. ஆபீஸ்ல ஒரு டீம் இருக்குது. ரெடிமேடா வாங்குனா நம்ம பட்ஜெட்டுக்குக் கட்டுபடியாகாது. அதான் பார்ட் பார்ட்டா வாங்கி, நானே சேர்க்கலாம்னு..."

"ஓ! ஊர்த் திருவிழாவுல பலூன் சுட்ட அனுபவமா?"

"அதுலயும் ஒண்ணும் உடையலைங்ணா" என்றாள் அவன் மனைவி வான்மதி, காபியை வைத்தபடி.

ஜெயபிரகாஷுக்கு இன்னும் உற்சாகம் ஏறிவிட்டது. லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார்.

"இது என்ன?"

"பேரலுங்க. குண்டு போற குழல். இதுல மட்டும் கஞ்சத்தனம் பண்ணக் கூடாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. குறி சரியா விழறது இதுலதான் இருக்குது."

"தோள்ல வைக்கற கட்டை?"

"மரம் விலை ஜாஸ்திங்க. பிளாஸ்டிக்தான்."

"ஸ்கோப்பு?"

"டீம்ல ஒருத்தரு பழசு தர்றேன்னாருங்க."

"பிளாஸ்டிக் கட்டை, பழைய ஸ்கோப்பு! பேசாம தீபாவளித் துப்பாக்கியே வாங்கிடேன். ரோல் கேப்பு நான் ஸ்பான்சர் பண்றேன்."

மதனும் சிரித்துவைத்தான். மேஜை ஓரத்தில் அவனுடைய ஸ்க்ரூடிரைவர் பெட்டி இருந்தது. போன வாரம் ஆயுத பூஜைக்கு வான்மதி வைத்த சந்தனப் பொட்டு, காய்ந்துபோய் இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இரு, இரு. எல்லாத்தையும் விட இதுக்குத்தானே ஜாஸ்தி செலவு பண்ணியிருக்கே? என்னது இது?"

"லாக்கருங்க. அது வந்தாச்சு."

"அது என்னோட கண்டிஷனுங்ணா" என்றாள் வான்மதி. "லாக்கர் முதல்ல, துப்பாக்கி அப்புறம். கேரேஜ் சுவத்துல போல்ட் போட்டு இறுக்கியாச்சு."

"உள்ளே என்ன இருக்கு?"

"இப்போதைக்குக் காலிதானுங்க."

ஜெயபிரகாஷ் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"காலிப் பெட்டிக்குப் பூட்டு! துப்பாக்கியை விடப் பெட்டி விலை ஜாஸ்தி! ஏம்மா, பிள்ளைங்களை ஒழுங்கா சொல்லி வளர்த்தா லாக்கர் எதுக்கும்மா?"

அதற்குள் மாடியிலிருந்து இரண்டு பெண்களும் தடதடவென்று இறங்கி வந்தார்கள். மதனின் மகள் ரோஷினி மூச்சு வாங்க அவர் முன்னால் நின்றாள்.

"அங்கிள், சாட்டர்டே என் பர்த்டே. ஷ்ரேயா ஸ்லீப்ஓவருக்கு வரலாம்தானே? ப்ளீஸ் அங்கிள்!"

நியூஜெர்சியிலிருந்து இங்கே வந்தபின் ரோஷினிக்குக் கிடைத்த ஒரே ஃப்ரெண்ட் ஷ்ரேயாதான். அவளுக்கென்று ஒரு தலையணைக்கு ஊதா உறைகூடப் போட்டு வைத்தாயிற்று.

ஜெயபிரகாஷ் சட்டென்று முகத்தை மேடை முகமாக்கிக்கொண்டார்.

"சாரிம்மா. துப்பாக்கி இருக்கிற வீட்ல என் பொண்ணு தூங்க மாட்டா."

"இன்னும் ஒரு பார்ட்டுகூட வாங்கலைங்களே" என்றான் மதன்.

"வாங்கப் போறல்ல? நான் சொல்றேனேன்னு தப்பா எடுத்துக்காதே. பிள்ளைங்க ஓடியாடற வீட்ல ஆயுதம் வைக்கறவன் எல்லாம் ஒரு அப்பனா? வாட்ஸ்அப் குரூப்லயும் நான் ஒரு வார்த்தை போட்டாகணும். நாலு குடும்பம் நம்பிப் பிள்ளைங்களை இங்கே அனுப்புது."

ரோஷினியின் உதடு பிதுங்கியது.

மதன் மகளைப் பார்த்தான். பிறகு லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து, வாங்குவதற்காகச் சேர்த்து வைத்திருந்ததை ஒவ்வொன்றாக நீக்க ஆரம்பித்தான். கட்டை போயிற்று. டிரிகர் போயிற்று. எத்தனையோ நாள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பேரல் வந்ததும், விரல் கொஞ்சம் தயங்கியது.

"ஏனுங்க..." என்றாள் வான்மதி.

"போகுது விடு. பாப்பா பர்த்டே முக்கியம்."

அதுவும் போயிற்று.

"அப்படி வா வழிக்கு!" ஜெயபிரகாஷ் அவன் முதுகில் தட்டினார். கடைசி முறுக்கையும் எடுத்துக்கொண்டார். "அந்த லாக்கரையும் ரிட்டர்ன் பண்ணிடு. இடத்தை அடைச்சுக்கிட்டு எதுக்கு? ஷ்ரேயா, ஷூ போடு, கிளம்பலாம்."

ஷ்ரேயா நகரவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ஏதோ யோசனையில் இருந்தாள்.

"அப்பா, வெயிட். துப்பாக்கி இருக்கிற வீட்ல நான் தூங்கவே கூடாதா?"

"கூடாதுடா கண்ணா. எப்பவுமே."

"அப்போ இன்னிக்கு நைட் நான் எங்கே தூங்கறது? நம்ம துப்பாக்கி பூஜை ஷெல்ஃப்லதானே இருக்கு? குளிக்காம அதைத் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டு, ஆயுத பூஜை அன்னிக்கு அதுக்கு என்னைத்தானே பொட்டு வைக்கச் சொன்னீங்க?"

பாதி முறுக்கு ஜெயபிரகாஷ் வாயிலேயே நின்றுவிட்டது.

வான்மதி ஸ்க்ரூடிரைவர் பெட்டியை மெல்லக் கணவன் பக்கம் தள்ளினாள்.

"லாக்கர் காலியாத்தான் இருக்குதுங்ணா. கழட்டித் தரச் சொல்லட்டுங்களா?"