மீன் வரைந்த இடது கை

சின்ன வயதில் பலப்பத்தைப் பிடித்ததற்காகப் புறங்கையில் 'பளீர்' என்று விழுந்த மர ஸ்கேலின் ஓசை இடது கைக்கு இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து எழுதுவதும் வரைவதும் வலது கைக்கே என்றாகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வலது கை, பல்குத்தும் குச்சியை நகப்பூச்சில் தொட்டுத் தொட்டு, தங்கையான இடது கையின் ஐந்து நகங்களிலும் மல்லிகை வரைந்தது. பூக்கள் காய்ந்ததும் தன் நகங்களை நீட்டியது.

"சிவப்பு மட்டும் பூசிவிடடி. படம் கிடம் போட்டுவிடாதே. உனக்குக் கோடே நேராக வராது."

"வராவிட்டால் போகிறது, அக்கா," என்று இடது கை குச்சியை எடுத்தது. நடுங்கி நடுங்கி நகத்துக்கொரு மீன் வரைந்தது. ஒரு மீனின் வால் தோலிலேயே வழிந்துவிட்டது.

"ஐயையோ, இது மீனா, நசுங்கின கத்திரிக்காயா? நாலு பேர் பார்த்தால் சிரிப்பார்கள். உடனே துடை!"

"மாட்டேன். நான் போட்ட முதல் படம் இது. வேண்டுமானால் நீயே துடைத்துக்கொள்."

சொல்லிவிட்டு இடது கை முதுகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. வலது கை, சாயம் அழிக்கும் மருந்துப் புட்டியின் மூடியைத் தனியே திருகியது. பிடிக்க ஆளில்லாத புட்டி மூடியோடு சேர்ந்து சுற்றிச் சுற்றி வந்தது.

பதினோரு நாள் வலது கை அந்த மீன்களோடுதான் சோறு பிசைந்தது.