நாலாவது மணை

மாம்பழ மஞ்சள் சேலையைக் கொசுவம் வைத்து மடித்து மூன்றாவது மணையில் வைத்தாள். அது அக்காவுக்கு.

முதல் மணையில் அரக்கு, பெரியத்தைக்கு. அடுத்ததில் பச்சை, சின்னத்தைக்கு.

மூன்று பேரும் அவளைப் போலவே அந்த வீட்டில் பிறந்தவர்கள். பூவும் பொட்டுமாகப் போய்ச் சேர்ந்தவர்கள். அதனால் வீட்டுச்சாமிகள். தை பிறந்தால் புதுச்சேலை எடுத்து வைத்துக் கும்பிட்டாக வேண்டும்.

அண்ணி தனபாக்கியம் பரணிலிருந்து மணைகளை இறக்கித் துடைத்துப் போட்டிருந்தாள். அவசரத்தில் நான்கையும் வரிசையாகப் போட்டுவிட்டாள்.

நாலாவது வெறுமனே கிடந்தது.

இன்னும் ஒருத்திக்கு இடம் இருந்தது.



போன வாரம் சர்க்கரை மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனபோது, நர்சம்மா வழக்கமில்லாத ஒன்றைக் கேட்டார்.

"ரத்த சொந்தத்துல யாருக்காச்சும் கேன்சர் இருந்துச்சாக்கா?"

"அதெல்லாம் யாருக்கும் இல்லம்மா."

பட்டென்று வந்துவிட்டது. பொய் என்றுகூட அப்போது உறைக்கவில்லை. அந்த வீட்டில் அந்த வார்த்தையையே எடுக்க மாட்டார்கள். சாமி கூப்பிட்டுக்கொண்டது என்பார்கள். சாமிக்கு ஏது நோய்?

நர்சம்மா லேசில் விடவில்லை. "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சில குடும்பத்துல அது வழிவழியா வரும். தெரிஞ்சா முன்கூட்டியே சோதிச்சுப் பாத்துரலாம். ஆரம்பத்துலயே பிடிச்சிட்டா காப்பாத்திரலாம்."

தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டாள்.

இப்போது யோசித்தாள்.

பெரியத்தைக்கு மார்பில் கட்டி. சின்னத்தைக்கும் மார்பில்தான். அக்காவின் மார்புப் புண்ணுக்குத் துணி மாற்றியது இதே கைகள். மூவரும் ஐம்பதைத் தாண்டவில்லை. வருஷா வருஷம் சேலை எடுக்கத் தெரிந்ததே ஒழிய, மூன்றையும் சேர்த்துப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அட கடவுளே, பக்கத்தில் பக்கத்தில்தானே வைத்தார்கள்!

அவளுக்கு நாற்பத்தாறு.

அண்ணன் மகள் சௌமியா பூக்கூடையோடு உள்ளே வந்தாள். அதே மூக்கு, அதே நடை. அக்காவை உரித்து வைத்த மாதிரி இருந்தாள்.

அவ்வளவுதான். முடிவு பண்ணிவிட்டாள்.

"அண்ணி, நாளைக்கு சௌமியாவக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறேன். இவங்க மூணு பேரும் எதுல போனாங்கன்னு சொல்லப் போறேன். எங்களையும் சோதிச்சுப் பாக்கட்டும்."

தனபாக்கியத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏம்மா, உனக்கென்ன கிறுக்கா? பொண்ணு பாக்க வர்ற நேரத்துல ஊருக்கே தண்டோரா போடுவியா? சாமியப் போயி சீக்குக்காரிங்கறியே, நாக்கு அழுகிப் போகும்!"

வேறு நாளாக இருந்தால் அவளும் பதிலுக்குப் பதில் கொடுத்திருப்பாள். இன்று கொடுக்கவில்லை. நாலாவது மணையைத் தன் பக்கம் இழுத்தாள். ஜம்மென்று அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"இத யாருக்குப் போட்டீங்க அண்ணி?"

தனபாக்கியம் மணையைப் பார்த்தாள். அதில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தாள். பூத்தொடுத்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்தாள்.

கற்பூரம் எடுக்க உள்ளே போய்விட்டாள்.

படையல் முடிந்தது. சாமிக்கு வைத்த சேலையை வீட்டுப் பெண்கள் கட்டிக்கொள்வது வழக்கம். மஞ்சள் அவளுக்கு வந்தது. பச்சை சௌமியாவுக்கு.

மறுநாள் காலையில் இருவரும் அதே சேலைகளில் கிளம்பினார்கள். அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் அக்காவே கூட வருகிற மாதிரி ஒரு தெம்பு இருந்தது.

சொல்லிக்கொள்ள அடுப்படியை எட்டிப் பார்த்தாள்.

மூன்று மணைகள் பரணுக்கு ஏறிவிட்டிருந்தன. நாலாவதைப் போட்டு உட்கார்ந்து தனபாக்கியம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"பெரியத்தையில இருந்து ஒருத்தரையும் விடாம சொல்லிட்டு வாங்க" என்றாள். "இந்த மணை இனிமே இங்கதான் கெடக்கும்."