நிரம்பாத டம்ளர்

“என் டம்ளரை என்னங்க பண்ணீங்க?”

மலர்க்கொடி போட்ட சத்தத்தில், காபித் தூளுக்கு நின்றிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். லால்குடியிலிருந்து பஸ் பிடித்து மலைக்கோட்டைக் கடைவீதிக்கு வந்தவள், வரிசையை விலக்கிக்கொண்டு நேரே கல்லாவுக்குப் போனாள்.

கல்லாவில் இருந்த முதலாளி சிவசங்கருக்குச் சுருக்கென்று ஏறியது. “எந்த டம்ளரும்மா? நாங்க என்ன பாத்திரக் கடையா வச்சிருக்கோம்?”

அவள் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். விஷயம் இவ்வளவுதான். வாடிக்கையாளர்களுக்கு அந்தக் கடை போனிலேயே ஒரு கார்டு கொடுத்திருக்கிறது. அதில் வரிசையாகக் காலி டம்ளர் படங்கள். தூள் வாங்க வரும்போதெல்லாம் கார்டை ஸ்கேன் செய்தால் ஒரு டம்ளர் நிரம்பும், எல்லாம் நிரம்பினால் கால் கிலோ தூள் இலவசம். அந்த ஒற்றை டம்ளருக்குத்தான் இத்தனை ஆர்ப்பாட்டம்.

“நேத்து சாயங்காலம் வந்தேன். ஸ்கேன் வேலை செய்யல, அப்புறம் ஏத்திடறோம்னு சொல்லி அனுப்பிட்டீங்க. இன்னி வரைக்கும் ஏறல!”

கார்டுகளைத் தயாரித்து அனுப்பும் ஃபெமினா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளேயிருந்து ஓடி வந்தாள்.

“ஸாரிக்கா. பொங்கலுக்காகக் கரும்புப் படம் வச்சு கார்டைப் புதுசா மாத்தினேன். அதை எல்லார் போனுக்கும் அனுப்புற நேரத்துல ஸ்கேன் நின்னுடுச்சு. இதோ, இப்பவே ஏத்திடறேன்.” திரையைப் பார்த்தாள். “உங்க கார்டு ரெண்டு போன்ல இருக்குக்கா. ஏத்தின உடனே ரெண்டுலயும் மெசேஜ் போயிடும்.”

“ஒண்ணு எங்க வீட்டுக்காரரோடது, சிங்கப்பூர்ல இருக்காரு. அவர்தான் ரெண்டுலயும் ஏத்தி வச்சாரு. நேத்துத் தேதிதானே விழும்?”

“இல்லக்கா, இன்னிக்குத் தேதிதான் விழும். அதை மாத்த எனக்கு வழியில்ல.”

“அப்ப ஏத்தாத!” மலர்க்கொடி லேப்டாப்பைப் படாரென்று மூடினாள். ஃபெமினா விரலை இழுத்துக்கொண்டது பெரிய புண்ணியம்.

சிவசங்கர் எழுந்தே விட்டார். ஒரு பாக்கெட்டை எடுத்து மேஜையில் விட்டெறிந்தார். “இந்தாங்க கால் கிலோ. டம்ளரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ஆளை விடுங்க!”

அவள் தள்ளிவிட்ட வேகத்தில் பாக்கெட் கீழே விழுந்து கிழிந்தது. விலை கூடின பீபெரி ரகத் தூள். வரிசையில் நின்றவர்களுக்கே வயிறு எரிந்தது.

“யாருக்கு வேணும் உங்க தூளு? நேத்துத் தேதி போட்டுக் குடுங்க!”

“தேதி தேதின்னா? நேத்து குடுத்த பில்லுல தேதி இருக்குமே!” என்றார் சிவசங்கர்.

மலர்க்கொடி இறுக மூடியிருந்த இடது கையை விரித்தாள். பில் வேர்வையில் நனைந்து கசங்கிக் கிடந்தது. “பில்லை யாருங்க நம்புறா? கீழ கிடக்கிற எவரோ பில்லைக் கூடப் பொறுக்கிட்டு வந்து காட்டலாம்.”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஓசி என்றால் பினாயில் கூடக் குடிப்பார்கள் என்று ஒருவர் பக்கத்து ஆளிடம் சத்தமாகவே சொன்னார்.

அந்தச் சிரிப்பு சிவசங்கருக்குத் தெம்பாக இருந்தது. “ஏம்மா, ஒரு ஓசித் தூளுக்காக இப்படி நடுக்கடையில நின்னு கத்துறீங்களே, உங்களுக்கே வெக்கமா இல்ல?”

மலர்க்கொடியின் முகம் சிவந்தது. பதில் சொல்ல வாயெடுத்தபோது அவள் கையிலிருந்த போன் அடித்தது. சிங்கப்பூர் நம்பர். அவள் எடுக்கவில்லை. அது நின்றது. மூச்சு விடுவதற்குள் மறுபடி அடித்தது.

அடிக்கிற போனை அப்படியே சிவசங்கரின் கையில் திணித்தாள்.

“நேத்து சாயங்காலம் நான் இங்கதான் வந்தேன்னு நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா அவர் நம்ப மாட்டாரு!”